ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் சொன்ன நன்றியுரை

எண்பதுகளின் நடுவில், மேற்குக் கரையில் இருந்த ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு விஞ்ஞானி வேலை கிடைத்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெரு அதை மீன் வேலை என்று முடிவு செய்துகொண்டது. நான் படித்தது வேதியியல். கடலில் வெவ்வேறு ஆழங்களிலிருந்து தண்ணீரை மொண்டு எடுத்து, அதில் என்னென்ன கரைந்திருக்கிறது, முக்கியமாக ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. இதைப் பொறுமையாக விளக்கிய பிறகும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எதிர்வீட்டு அத்தை மீன் கூடையோடு வந்து நிற்பார்.

"இந்தச் சீலா புதுசா, ஐஸ்ல கெடந்ததான்னு பாத்துச் சொல்லுட்டி. அதுக்குத்தானே படிச்சிருக்க."

தூத்துக்குடியிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் வருகிற மீன் ஐஸில் கிடக்காமல் எப்படி வரும்? செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "ஐஸ்தான் அத்தை" என்பேன். என் வாழ்க்கையில் யாரும் ஆட்சேபிக்காத ஒரே ஆய்வு முடிவு அது.

அப்பா பஞ்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். எதையும் தீர விசாரிக்காமல் விடமாட்டார்.

"அப்ப, தண்ணிக்குள்ள காத்து எம்புட்டு இருக்குன்னு பாக்குறதுக்குக் கவர்மெண்டு சம்பளம் குடுக்குது."

"ஆமாப்பா."

"பாக்குற எடத்துல காத்தே இல்லைன்னா?"

"இல்லைன்னு எழுதுவோம்."

"அதுக்கும் சம்பளமா?"

"அதுக்கும்தான்."

"நல்ல வேலைதான். விட்றாத" என்றார்.

வேலை நல்ல வேலைதான். ஆனால் அதைப் பார்க்கத்தான் விடமாட்டேன் என்றார்கள். கடல் விஞ்ஞானி என்று ஆணை கொடுத்துவிட்டு, கரையில் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கப்பலில் போன ஆண்கள் பாட்டில்களில் அடைத்துக் கொண்டுவந்த தண்ணீரை அங்கே நான் சோதிப்பேன். ஆக்சிஜனை அப்படிச் சோதிக்க முடியாது. மேலே எடுத்த கையோடு கப்பலிலேயே பார்த்தாக வேண்டும். இதை எங்கள் இயக்குநரிடம் சொன்னேன். அவர் கண்ணியமான மனிதர். ஏழைப் பெண்களின் கல்வியைப் பற்றிக் கூட்டங்களில் உருக்கமாகப் பேசுவார். என்னை உட்காரச் சொல்லி, "கப்பலில் பெண்களுக்கு வசதி இல்லையே அம்மா" என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் எந்த ஊர்க்காரர் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள்.

இல்லாத அந்த வசதி என்ன என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. கோப்பு மேலே போயிற்று, கீழே வந்தது, குழு அமைத்தார்கள், குழுவில் இருந்தவர் ஓய்வு பெற்றார். கடைசியில், கப்பலில் ஆக்சிஜன் பார்க்க வேண்டிய ஆண் விஞ்ஞானி, கிளம்புகிற வாரத்தில் முதுகு வலி என்று மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். அவருக்குப் பதில் அனுப்ப வேறு ஆள் இல்லை. என்னை அனுப்பினார்கள். கப்பலில் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இல்லாத வசதி ஒரு குளியலறைத் தாழ்ப்பாள். கப்பல் தச்சர் அதைத் தன் காபி ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பயணத்துக்குத் தலைமை விஞ்ஞானி எங்கள் இயக்குநரே. துறைமுகத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்க்கிற மாதிரி படம் எடுத்தார்கள். கப்பல் துறைமுகச் சுவரைத் தாண்டியது. முதல் அலை தூக்கியது. இயக்குநர் மாலையோடு தன் அறைக்குள் போனார். பிறகு அவரைத் தளத்தில் நாங்கள் பார்த்தது, திரும்பி வந்து கயிறு கட்டிய பிறகுதான்.

வாந்தி எடுப்பது குற்றமல்ல. நானும்தான் எடுத்தேன். கடல் ஆடுகிற ஆட்டத்தில் முதல் நாட்களில் என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. ஆனால் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். இரும்புக் கம்பியில் வரிசையாகப் பாட்டில்களை மாட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். பிறகு ஒரு எடையைக் கம்பி வழியே நழுவ விட்டால், அது போய் முட்ட முட்ட ஒவ்வொரு பாட்டிலாக அந்தந்த ஆழத்துத் தண்ணீரோடு மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் குமிழி விழாமல் சிறு புட்டிகளில் பிடித்து இரண்டு மருந்துகள் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரண்டு இறங்கும். மேல்மட்டத்துத் தண்ணீர் எல்லாம் அப்படித்தான் இறங்கியது. ஆழம் போகப் போக நிறம் வெளுத்து, ஒரு கட்டத்தில் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக வந்தது. ஆக்சிஜன் அநேகமாக இல்லை என்று அர்த்தம். அரபிக்கடலுக்கு நடுவில் அப்படி மூச்சு முட்டுகிற ஒரு பட்டை உண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதை என் கையில் ஒரு புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, வாளி, வாந்தி, தாழ்ப்பாள், கோப்பு எல்லாம் மறந்துபோயிற்று. என்னை மேசைக் காலோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, ஆடுகிற பியூரெட் குழாயில் ஒவ்வொரு சொட்டாக எண்ணி அளந்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கேலி செய்ய இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

இயக்குநரின் அறைக்குத் தயிர்சாதம் போகும். அதே தட்டு திரும்பி வரும். சில நாள் கதவு இடுக்கு வழியாக, "எல்லாம் நடக்கிறதா?" என்று ஒரு குரல் கேட்கும். "நடக்கிறது சார்" என்போம். அதுதான் அவர் அளித்த தலைமை.

கரைக்கு வந்த பிறகு அவருக்கு உடம்பு தேறியது. அந்தப் பயணத்திலிருந்து கட்டுரைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் அவர் பெயர் முதலில். ஆக்சிஜன் கட்டுரையில் என் பெயர் நான்காவது. எனக்கு முன்னால் இருந்த மூவரில் ஒருவர் முதுகு வலிக்காரர். ஒரு நாளிதழில் மாலை போட்ட படத்தோடு செய்தி வந்தது. கடைசி வரியில், குழுவில் ராஜபாளையத்துப் பெண் ஒருவரும் இருந்தார் என்று போட்டிருந்தார்கள்.

அந்தக் கடைசி வரியை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் சித்தப்பா படித்துவிட்டார். அவர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. மற்ற நேரங்களில் ஒரு நற்பணி மன்றத்துக்குச் செயலாளர். யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் அவருக்கு ஒரு மாதம் கழியாது. எனக்குப் பாராட்டு விழா என்று அறிவித்துவிட்டார். எங்கள் இயக்குநர் மதுரைக்கு ஒரு சொற்பொழிவுக்கு வரப்போவதும் அவருக்கு எப்படியோ தெரிந்து, அவரையும் அழைத்துவிட்டார்.

அழைப்பிதழ் வந்தது. தலைமை ஒரு மில் முதலாளி. வாழ்த்துரைக்கு ஒரு பட்டாளம். சிறப்புரை எங்கள் இயக்குநர். என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது: இறைவணக்கம், நன்றியுரை.

"சித்தப்பா, பாராட்டு எனக்கா, அவருக்கா?"

"ஒனக்குத்தாம்மா. ஒன்னையப் பத்தி நீயே பேசுனா நல்லாவா இருக்கும்? அவிய பெரியவிய. அவிய பேசட்டும்."

"இறைவணக்கம் எதுக்கு? எனக்குப் பாட வராதே."

"மேடையில பொம்பளப்பிள்ளை நீ ஒருத்திதானே. பொறவு யாரு பாடுவா?"

இன்னொரு ஏற்பாடும் அவர் செய்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு குடும்பம், பையன் பாங்க் ஆபீசர். பெண் பார்க்கத் தனியாக ஒரு நாள் எதற்கு என்று அவர்களையும் விழாவுக்கே வரச் சொல்லி, முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். கல்யாண மண்டபம்தானே, பொருத்தமான இடம் என்றார்.

விழா தொடங்குவதற்கு முன் பையனின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கப்பல்ல எத்தனை பொம்பளைக இருந்தீக?"

"நான் ஒருத்திதான்."

"ஆம்பளைக?"

"கேப்டன்லேருந்து சமையல்காரர் வரைக்கும் எல்லாரும்."

அவர் திரும்பித் தன் மகன் முகத்தைப் பார்த்தார், காதில் விழுந்ததா என்று. மகன் மேடையில் அடுக்கியிருந்த பால்கோவாப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறைவணக்கம் பாடினேன். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டாள் பிறந்த ஊரில் அப்படிப் பாடியதற்கு என்னை யாரும் எதுவும் செய்யவில்லை என்பதே அந்த ஊரின் பெருந்தன்மை. வாழ்த்துரை சொன்ன ஒருவர், நான் கடலுக்கு அடியில் போய் முத்துக் குளித்ததாகச் சொன்னார். இன்னொருவர், இந்தப் பெண் மனது வைத்தால் நம் கண்மாய்களில் தண்ணீருக்குப் பஞ்சம் வராது என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

பிறகு இயக்குநர் எழுந்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, ஒரு கல்லூரிப் பேராசிரியர் கணீரென்று மொழிபெயர்த்தார். அலைகள் பனைமர உயரம் எழுந்தனவாம். கம்பி அறுந்துவிடும் என்று மாலுமிகளே பின்வாங்கிய வேளையில், கொட்டுகிற மழையில் அவர் தனியாகத் தளத்தில் நின்று பாட்டில்களை இறக்கினாராம். தூங்காமல் ஒவ்வொரு சொட்டாக அளந்தாராம். நாங்கள் போன பருவத்தில் மழையே இல்லை. நான் பேசாமல்தான் இருந்தேன். நான்காவது பெயருக்குப் பழகியவளுக்கு இது பெரிய விஷயமல்ல. கடைசியில் என் பக்கம் கையை நீட்டி, கனிவோடு ஒன்று சொன்னார். பேராசிரியர் அதையும் விடாமல் மொழிபெயர்த்தார்: "எங்கள் மகள் போன்ற இந்தப் பெண், சோர்ந்துபோன எங்களுக்கு வேளாவேளைக்குச் சுடச்சுடத் தேநீர் போட்டுக் கொடுத்து உற்சாகப்படுத்தினார்."

மண்டபம் கைதட்டியது. பையனின் அம்மா முகத்தில் முதல் முறையாகத் தெளிவு வந்தது. டீ போடத் தெரிந்த பெண்.

நன்றியுரைக்கு என்னை அழைத்தார்கள். சித்தப்பா ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இருந்தபடியே மண்டப உரிமையாளருக்கு, மைக் செட்காரருக்கு, பந்தல் போட்டவருக்கு, பால்கோவா கொடுத்தவருக்கு எல்லாம் நன்றி சொன்னேன். அடுத்து இயக்குநரின் பெயரைப் படித்தேன். தாளை மடித்துவிட்டேன். குரலை ஏற்றவில்லை. இப்படிச் சொன்னேன்:

"எங்கள் இயக்குநருக்கு நான் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கப்பல் கிளம்பிய மாலையில் அவர் வாந்தி எடுக்கத் தொடங்கினார். திரும்பிக் கரையைத் தொடும்வரை நிறுத்தவில்லை. படுத்த படுக்கையாக, கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும் இத்தனை ஆய்வுக் கட்டுரைகளை எழுதியிருக்கிறார் என்றால், அது சாமானியமான காரியமில்லை. அவர் அறையை விட்டு வெளியே வராததால்தான் தளத்தில் எங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வேலை நடந்தது. அதற்கும் நன்றி. டீ போட்டது சமையல்காரர். அவருக்கும் நன்றி."

முதலில் பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். அது வரிசை வரிசையாக முன்னால் வந்து, மில் முதலாளியின் தொப்பை குலுங்குவதில் முடிந்தது. இயக்குநருக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. நன்றியுரையில் தன் பெயர் வந்ததும் அவர் எழுந்து கும்பிட்டார். கூட்டம் சிரிக்கச் சிரிக்க அவரும் சிரித்தார், கைதட்டினார். பேராசிரியர் மொழிபெயர்க்கவில்லை. சிறப்புரையோடு தன் வேலை முடிந்தது என்பதுபோல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு போயிருக்கும். ஆனால் மதுரைக்கு அவரைக் காரில் கொண்டுபோய் விட்டது சித்தப்பா. வழியில் இயக்குநர், உங்கள் பெண் என்ன சொல்லி அவ்வளவு சிரிக்க வைத்தாள் என்று கேட்டிருக்கிறார். விருந்தினர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்பது சித்தப்பாவின் கொள்கை. கோர்ட்டில் பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலத்தில் முழுவதையும் சொல்லியிருக்கிறார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அதைப் பெருமையோடு நடித்தும் காட்டினார்.

"ஷீ டோல்டு, சார், யூ ஃபுல் டைம் வாமிட்டிங், சார். ஒன்லி வாமிட்டிங், நோ ஒர்க், சார். அப்படின்னேன். பொறவு திருமங்கலம் வாரது வரைக்கும் அவிய வாயே தெறக்கலை. பாவம், அசதி போல."

விழா முடிந்த அன்று அப்பாவும் நானும் ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி வந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். முதல் வரிசையிலிருந்து அந்தக் குடும்பம் பால்கோவா வாங்காமலே எழுந்து போனதை அவரும் பார்த்திருந்தார். மம்சாபுரம் விலக்கில் சிலர் இறங்கிக் கூட்டம் குறைந்தது. அப்பா என் பக்கம் குனிந்தார்.

"நெசமாவே வாந்திதான் எடுத்தாரா?"

"ஆமாப்பா."

"அம்புட்டு நாளுமா?"

"அம்புட்டு நாளும்."

"பொறவு ஏட்டி அவர் பேரு முதல்ல வருது?"

"அவர்தானேப்பா இயக்குநர்."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல முயன்று, பாதியிலேயே மறுபடி சிரித்து, சொல்ல முடியாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பெண் பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்பது காரணம். கப்பலில் ஆண்களோடு போனதைக் கூட மன்னித்திருப்பார்களாம். வேறு சம்பந்தங்களும் வந்தன, போயின. பிறகு அது நின்றுபோயிற்று. நான் அதற்காகத் தூக்கம் கெட்டேன் என்று சொன்னால் பொய்.

அலுவலகத்தில் இயக்குநர் என்னிடம் ஒரு கடுமையான சொல் சொல்லவில்லை. கண்ணியமான மனிதர் என்று முன்பே சொன்னேன். என் தகவல் தொடர்புத் திறமை வீணாகக் கூடாது என்று, கீழ்த்தளத்தில் இருந்த காட்சிக்கூடத்துக்கு என்னைப் பொறுப்பாளராக்கினார். ஃபார்மலின் ஜாடிகளில் மிதக்கும் மீன்களும், திமிங்கலத்தின் ஒரு முதுகெலும்பும், ஏகப்பட்ட சங்குகளும் இருந்த கூடம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். "இது செத்துப் போச்சா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்பேன். அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் வந்துவிட்டன. ஊரில் மட்டும் மதிப்பு கூடியது. கடைசியில் மீனிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று எதிர்வீட்டு அத்தைக்கு நிம்மதி. தனி அறை, தனி மேசை, வெளியூர் அலைச்சல் இல்லை, பெண்பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று சித்தப்பா மறுபடி ஒரு பொன்னாடையோடு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா மட்டும் ஒருமுறை கேட்டார். "அந்த வெள்ளைத் தண்ணி பாக்குற வேலை இப்ப இல்லையா?"

"இல்லப்பா. ஜாடி தொடைக்கிற வேலை."

"சம்பளம் அதேதானா?"

"அதேதான்."

"அது சரியில்லையே" என்றார். நல்ல வேலைதான் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.

இயக்குநர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் பனைமர உயர அலைகள் மறுபடி எழுந்தன. இம்முறை நன்றியுரை சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை. புதிதாக வந்தவர் வேறு மாதிரி. கடல் ஆராய்ச்சி நிலையத்தில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று விசாரித்தார். விசித்திரமான கேள்வி, அதுவரை யாரும் கேட்டதில்லை. முதுகு வலி, காதில் இரைச்சல், மாமியாருக்குப் படுக்கை என்று சான்றிதழ்கள் ஒரு கட்டாகச் சேர்ந்தன. வெளிநாட்டுக் கருத்தரங்கு என்றால் மட்டும் அந்த நோய்கள் குணமாகிவிடும். கப்பலில் போக விருப்பம் என்று வருஷம் தவறாமல் எழுதிக் கொடுத்திருந்த ஒரே ஆள், சங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் திறமையைக் கண்டுபிடித்து அழைத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். வேறு ஆள் இல்லாததால் அழைத்தார்கள். முதல் முறையும் அப்படித்தானே போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பயணத்துக்கு நானே தலைமை விஞ்ஞானியாகப் போனேன். ஆணையில் எல்லா இடத்திலும் என்னை ஆணாகவே குறிப்பிட்டிருந்தார்கள். படிவத்தில் வேறு சொல் கிடையாதாம். மாலை போட வந்தவர்கள் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கேப்டனுக்குப் போட்டார்கள். அவர் அதை வாங்கி முன்தளத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

அந்தப் பயணத்தில் நாங்கள் இருந்தபோதுதான், அரபிக்கடல் ஆராய்ச்சிக்கான வாழ்நாள் விருது ஓய்வு பெற்ற இயக்குநருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு சங்கம் கொடுத்தது. செய்தியை வானொலி அறைக்காரர் குறித்து எடுத்து வந்து நீட்டினார். படித்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் வந்தது. பாட்டில்கள் அப்போதுதான் மேலே வந்திருந்தன. கூட வந்திருந்த இளம்பெண்கள் இருவரும் வாளிகளோடு மேசையருகே உட்கார்ந்திருந்தார்கள், முகம் வெளிறி, ஆனால் கை நிற்காமல். சாப்பாடு பிறகு ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, முதல் புட்டியை எடுத்து மருந்தைச் சேர்த்தேன்.